செலக்ட்() விட்டுச்சென்ற 128 பைட்

லினக்ஸ் டெர்மினலில் 'யூலிமிட் -என்' என்று அடித்துப் பாருங்கள். பெரும்பாலான கணினிகளில் 1024 என்று வரும். '-ஹெச்என்' என்று மாற்றி அடித்தால், அண்மைக்கால விநியோகங்களில் 524288 வரும். ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளும் சாக்கெட்டுகளும் (நெட்வொர்க் இணைப்பின் முனைகள்) திறந்து வைக்கலாம் என்பதற்கான வரம்புகள் இவை. முதலாவது சாஃப்ட் லிமிட், அதாவது இப்போது நடைமுறையில் உள்ளது. இரண்டாவது ஹார்ட் லிமிட். புரோகிராம் தானே கேட்டால் அதுவரை போகலாம்.

ஐந்து லட்சத்துக்கு மேல் தரத் தயாராக இருக்கும் கணினி, கேட்காதவர்களுக்கு ஏன் 1024-இல் நிறுத்துகிறது? நினைவகம் போதாமல் இல்லை. இயங்குதளத்தின் மையமான கர்னலால் முடியாமலும் இல்லை. 1980-களில் பெர்க்லி யூனிக்ஸில் செலக்ட்() என்ற அழைப்புக்காக எடுத்த ஒரு தரவுக் கட்டமைப்பு முடிவுதான் காரணம். அந்த முடிவு எடுத்த நாளில் சரியானதுதான். அதன் அளவு அடுத்தவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதுதான் சிக்கல்.

யூனிக்ஸில் ஒரு கோப்பைத் திறந்தால் கர்னல் ஒரு சிறிய முழு எண்ணைத் திருப்பித் தரும். அதுதான் ஃபைல் டிஸ்க்ரிப்டர், சுருக்கமாக எஃப்டி. 0, 1, 2 மூன்றும் உள்ளீடு, வெளியீடு, பிழை வெளியீடு. அடுத்துத் திறப்பதற்கு, காலியாக உள்ளதில் ஆகச் சிறிய எண் கிடைக்கும். இந்த 'ஆகச் சிறிய எண்' விதி, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான பாசிக்ஸிலேயே எழுதப்பட்டுள்ளது. அதனால் எண்கள் எப்போதும் சிறியதாகவும் நெருக்கமாகவும் இருக்கும். ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஒரு புரோகிராமுக்கு மொத்தமே 20 எஃப்டிதான்.

1983-இல் வந்த 4.2பிஎஸ்டியில் நெட்வொர்க் சாக்கெட்டுகள் வந்தன. பல இணைப்புகளை ஒரே புரோகிராம் கவனிக்க வேண்டிய தேவையும் கூடவே வந்தது. அதற்காகப் பிறந்ததுதான் செலக்ட்(). 'இந்த எஃப்டிகளில் எதில் படிக்கத் தரவு வந்திருக்கிறது, எதில் எழுத இடம் இருக்கிறது' என்று கர்னலைக் கேட்கும் அழைப்பு. எந்த எஃப்டிகள் என்பதை எப்படிச் சொல்வது? எண்கள் சிறியவை, நெருக்கமானவை. ஆகவே எண்ணுக்கு ஒரு பிட். அன்றைய வேக்ஸ் கணினியின் ஒரு இன்ட்டில், அதாவது முழு எண் மாறியில், 32 பிட். அதன் முகவரியைக் கொடுத்தால் போதும். அன்றைய தேவைக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தோன்றவில்லை.

32 போதாது என்று ஆனபோது, 4.3பிஎஸ்டி அந்த இன்ட்டை 'எஃப்டி_செட்' என்ற ஸ்ட்ரக்ட்டாக, அதாவது பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் கட்டமைப்பாக, மாற்றியது. உள்ளே லாங் எண்களின் வரிசை. பிட்டை ஏற்ற, இறக்க, சோதிக்க மேக்ரோக்கள். வரிசையின் நீளத்தை எஃப்டி_செட்சைஸ் என்ற மாறிலி முடிவு செய்யும். அப்போது அது 256. வேண்டுமென்றால் இந்த வரையறைகள் உள்ள ஹெடர் கோப்பைச் சேர்க்கும் முன்பே பெரிய எண்ணை வரையறுத்துக்கொள்ளலாம் என்ற வசதியும் இருந்தது. பின்னாளில் ஜிலிப்சி, அதாவது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி, இதை 1024 என்று நிலைநிறுத்தியது. மாற்றும் வசதியையும் நீக்கிவிட்டது. நீங்கள் வேறு எண்ணை வரையறுத்தாலும் ஸ்ட்ரக்ட்டின் அளவு மாறாது. 1024 பிட் என்றால் 128 பைட். 64-பிட் கணினியில் 16 லாங்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செலக்ட்() அழைப்பின் முதல் உள்ளீடு 'இருப்பதில் பெரிய எஃப்டி எண் கூட்டல் ஒன்று'. எத்தனை பிட் பார்க்க வேண்டும் என்பதை லினக்ஸ் கர்னல் அதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. 128 பைட் என்ற அளவு கர்னலுக்குத் தெரியவே தெரியாது. எஃப்டி எண்கள் ஐயாயிரம் வரை போயிருக்கும் புரோகிராம் ஐயாயிரம் என்று சொன்னால் ஐயாயிரம் பிட்டையும் படிக்கும். வரம்பு இருப்பது ஹெடர் கோப்பில். அந்த ஹெடரைச் சேர்த்து கம்பைல் ஆன ஒவ்வொரு புரோகிராமின் ஸ்டாக்கிலும் (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகம்) அந்த 128 பைட் பதிந்துவிட்டது. கர்னலைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

என்ன தவறு நடக்கிறது என்பதை அருகில் வைத்துப் பார்ப்போம். ஒரு சர்வர் புரோகிராம் தன் இணைப்புகளை எல்லாம் நவீன முறையில், ஈபோல் என்ற லினக்ஸ் அழைப்பு வழியாகக் கவனிக்கிறது. சாஃப்ட் லிமிட்டை 65536-ஆக உயர்த்தியிருக்கிறது. 1100 எண்கள் வரை நிரம்பியிருக்கின்றன. இப்போது அது ஒரு பழைய லைப்ரரியை அழைக்கிறது. அந்த லைப்ரரி ஒரே ஒரு சாக்கெட்டைத் திறந்து, பதில் வரும்வரை செலக்ட்() போட்டுக் காத்திருக்கும். திறப்பது ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதற்குக் கிடைத்த எண் 1100. பலர் தடுமாறும் இடம் இது. வரம்பு எத்தனை எஃப்டி என்பதில் இல்லை, எந்த எண் என்பதில் இருக்கிறது.

1100-ஆம் பிட்டை ஏற்ற வேண்டும். 1100-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 12. ஆக, 17-ஆம் லாங்கில் 12-ஆம் பிட். வரிசையில் இருப்பதோ 0 முதல் 15 வரை. எந்தச் சோதனையும் இல்லாமல், ஸ்ட்ரக்ட் முடிந்து 8 பைட் தள்ளி இருக்கும் லாங்கில் ஒரு பிட் ஏறிவிடுகிறது. படிக்கவும் எழுதவும் தனித்தனி எஃப்டி_செட் கொடுக்க வேண்டும். ஸ்டாக்கில் அதை ஒட்டி 'எழுதக் காத்திருப்போர்' தொகுதி இருந்தால், அந்தப் பிட் அதில் 76 என்ற எஃப்டியைக் குறிக்கும். நீங்கள் கேட்காத எஃப்டி 76, எழுதத் தயாராகும்போது உங்களை எழுப்பும்.

இது தொடக்கம்தான். லைப்ரரி இப்போது 1101 என்று சொல்லிக் கர்னலை அழைக்கிறது. கர்னல் அதை முழு லாங்குகளாக்கி 18 லாங், அதாவது 144 பைட் படிக்கிறது. கடைசி 16 பைட் யாருடையதோ. அதில் தற்செயலாக ஏறியிருக்கும் பிட்டுகளையும் அது எஃப்டிகளாகவே எடுத்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று திறக்கப்படாத எண்ணாக இருந்தால் 'தவறான எஃப்டி' என்ற பிழையோடு திரும்பும். லாக்கில் இந்தப் பிழையைப் பார்ப்பவர், சாக்கெட்டை யார் மூடினார்கள் என்று தேடிக்கொண்டே இருப்பார். யாரும் மூடவில்லை.

பிழை வராமல் போனால் நிலைமை இன்னும் மோசம். செலக்ட்() தன் பதிலை அதே இடத்தில்தான் எழுதும். கேள்வியும் பதிலும் ஒரே கட்டமைப்பு. தயாராக உள்ள எஃப்டிகளின் பிட் மட்டும் 1, மற்ற எல்லாம் 0 என்று 144 பைட்டையும் கர்னல் திருப்பி எழுதும். ஸ்ட்ரக்ட்டுக்கு வெளியே உள்ள 16 பைட், தயாராக உள்ள எஃப்டிகளின் பிட்டுகள் தவிர, பூஜ்ஜியமாகும். அங்கே ஒரு சுட்டி (பாயிண்டர்) இருந்தால் அது காணாமல் போகும். ஒரு எண்ணிக்கை இருந்தால் அழியும். புரோகிராம் விழுவது அங்கே அல்ல. எங்கோ நூறு வரி தள்ளி, சம்பந்தமே இல்லாத ஒரு ஃபங்ஷனில் விழும். அதுவும் கூட்டம் அதிகமுள்ள நேரத்தில் மட்டும். சோதனைக் கணினியில் எஃப்டி எண்கள் ஐம்பதைத் தாண்டுவதே அரிது என்பதால் அங்கே வரவே வராது.

ஃபோர்ட்டிஃபை என்ற கம்பைல் பாதுகாப்பு இருந்தால் ஜிலிப்சி 2.15 முதல் இது பிடிபடும். எண் 1024-ஐத் தொட்டதும் 'பஃபர் ஓவர்ஃப்ளோ டிடெக்டெட்' என்று சொல்லிப் புரோகிராமை நிறுத்திவிடும். ஸ்டாக் தடத்தில் 'எஃப்டெல்ட்' என்று தொடங்கும் ஒரு பெயர் தெரியும். அதைக் கண்டால் வேறு எதையும் தேட வேண்டாம், காரணம் இதுதான். பைத்தானில் இதைவிட நாகரிகமாக 'எண் வரம்புக்கு வெளியே' என்ற வேல்யூஎரர் வரும். மேக்ஓஎஸ்ஸில் செலக்ட்() அழைப்பே பிழையோடு திரும்பும்; தனியாக ஒரு மேக்ரோவை வரையறுத்துக் கம்பைல் செய்தால்தான் விடும்.

விண்டோஸ் கதை வேறு. வின்சாக்கை வடிவமைத்தவர்கள் அதே பெயர்களை வைத்துக்கொண்டு உள்ளே வேறு கட்டமைப்பை வைத்தார்கள். அங்கே சாக்கெட் என்பது சிறிய எண் அல்ல, ஒரு ஹேண்டில். பிட்டுக்கு அங்கே வழியில்லை. அதனால் எஃப்டி_செட் என்பது ஒரு எண்ணிக்கை, அதன்பின் ஹேண்டில்களின் வரிசை. கொள்ளளவு 64. அதை நீங்களே பெரிதாக வரையறுக்கலாம். எண்ணிக்கையும் உள்ளேயே இருப்பதால் குழப்பம் இல்லை. முதல் உள்ளீட்டை விண்டோஸ் பார்ப்பதே இல்லை. ஆனால் 65-ஆவது சாக்கெட்டைச் சேர்த்தால் மேக்ரோ சத்தமில்லாமல் எதுவும் செய்யாது. நினைவகம் கெடாது, ஆனால் அந்த இணைப்பில் தரவு வந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். வரம்பு எட்டியதைத் திருப்பிச் சொல்லும் இடம் இரண்டு வடிவத்திலும் இல்லை. பிட்டா, வரிசையா என்பதைவிட எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது.

அப்படியானால் ஜிலிப்சியில் 1024-ஐ 65536 ஆக்கிவிட்டால் என்ன? எஃப்டி_செட் ஒரு புரோகிராமின் உள்விவகாரமாக மட்டும் இருந்திருந்தால் முடிந்திருக்கும். அது லைப்ரரிகளின் வெளிவாசல்களிலும் உட்கார்ந்திருக்கிறது. இணையத்தில் தரவு பரிமாறப் பயன்படும் கர்ல் லைப்ரரியில் 'எந்த எஃப்டிகளைக் கவனிக்க வேண்டும் என்று இந்தத் தொகுதியில் நிரப்பிக் கொடு' என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் நெட்-எஸ்என்எம்பியிலும் உண்டு. சி-ஏரெஸ் என்ற டிஎன்எஸ் லைப்ரரியிலும் உண்டு. அழைப்பவர் 128 பைட் என்று கம்பைல் ஆகியிருக்க, லைப்ரரி 8192 பைட் என்று கம்பைல் ஆனால், லைப்ரரி அந்தத் தொகுதியை ஒருமுறை பூஜ்ஜியமாக்கினாலே அழைப்பவரின் ஸ்டாக் துடைக்கப்படும். உலகில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் மறுகம்பைல் செய்ய வழியில்லை. அதனால் லினக்ஸ் கையேட்டுப் பக்கத்திலேயே இந்த வரம்பு மாறாது என்று எச்சரிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள். லைப்ரரிகள் பழைய வாசலை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிய வாசல் திறந்தன. நெட்-எஸ்என்எம்பி, வளரக்கூடிய ஒரு 'லார்ஜ்' தொகுதியைக் கொண்டுவந்தது. கர்ல், போல்() என்ற வேறு அழைப்பின் முறையில் (அது பின்னால் வரும்) காத்திருக்கும் புதிய ஃபங்ஷன்களைத் தந்தது.

32-பிட் கணினிகளில் 2038-ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்க ஜிலிப்சி 2.34-இல் நேரத்தை 64-பிட் ஆக்கும் வசதி வந்தது. செலக்ட்() ஒரு காலவரம்பையும் வாங்குவதால் அதற்கும் 64-பிட் நேரத்தோடு ஒரு புதிய வடிவம் எழுதப்பட்டது. அப்போதும் எஃப்டி_செட்டின் 128 பைட்டில் கை வைக்கவில்லை.

இப்போது அந்த 1024-க்குத் திரும்புவோம். செலக்ட்() பயன்படுத்தும் புரோகிராம் எதுவென்று சிஸ்டத்துக்குத் தெரியாது. 1023-ஐத் தாண்டிய எண் ஒன்று கையில் கிடைக்காதவரை எந்தப் பழைய புரோகிராமும் பாதுகாப்பாக இருக்கும். ஆகவே சாஃப்ட் லிமிட்டை 1024-இல் வைத்தால் 0 முதல் 1023 வரைதான் கிடைக்கும், பிட் வெளியே போகாது. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 240-ஆம் பதிப்பு (2018 டிசம்பர்), ஹார்ட் லிமிட்டை 524288-ஆக உயர்த்தியபோதும் சாஃப்ட் லிமிட்டை வேண்டுமென்றே 1024-இல் விட்டது. 'செலக்ட்() எங்கும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் தாங்களே உயர்த்திக்கொள்ளட்டும்' என்ற ஏற்பாடு அது. கோ மொழி 1.19 பதிப்பிலிருந்து இதைத் தானாகவே செய்கிறது. ஆனால் சாஃப்ட் லிமிட் பிள்ளைப் புரோகிராமுக்கும் வாரிசாகப் போகும். கோவில் எழுதிய புரோகிராம் ஒரு பழைய சி புரோகிராமை இயக்கினால், அதுவும் ஐந்து லட்சம் வரம்போடு தொடங்கும். அதனால் பிள்ளையை இயக்கும் முன் பழைய வரம்பைத் திருப்பி வைக்கும் திருத்தத்தையும் கோ பின்னர் சேர்க்க வேண்டி வந்தது.

சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பில் 'லிமிட்நோஃபைல் = இன்ஃபினிட்டி' என்று எழுதுபவர்களை இது வேறு பக்கத்திலிருந்து தாக்கும். சில விநியோகங்களில் கன்டெய்னர்களுக்குள் வரம்பைக் கேட்டால் 1073741816 என்று வரும். நூற்றேழு கோடி. பின்னணியில் ஓடும் பழைய டீமன் புரோகிராம்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைப் புரோகிராமை இயக்கும் முன், 3 முதல் வரம்பு வரை ஒவ்வொரு எண்ணாக மூடிக்கொண்டே போவார்கள். எவை திறந்திருக்கின்றன என்று கேட்க யூனிக்ஸ் வழி தராததால் வந்த வழக்கம். 1024 என்றால் கண்ணிமைக்கும் நேரம். நூற்றேழு கோடி என்றால், ஒரு அழைப்புக்கு 100 நானோ நொடி என்று வைத்தாலும் 107 நொடி, அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும். எஃப்டிக்கு ஒரு சுட்டி வீதம் தொடக்கத்திலேயே அட்டவணை ஒதுக்கும் புரோகிராமாக இருந்தால் அட்டவணை மட்டும் 8 ஜிபி. கன்டெய்னர் ஏன் தொங்குகிறது, நினைவகம் ஏன் போகிறது என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் இது. 65536 என்றோ 1024:524288 என்றோ வெளிப்படையாக எழுதிவிடுங்கள். உங்கள் சொந்தக் குறியீட்டில் அந்தச் சுழல் இருந்தால் க்ளோஸ்_ரேஞ்ச்() பயன்படுத்துங்கள். லினக்ஸ் 5.9 முதல் உண்டு, ஒரே அழைப்பில் முழு வீச்சையும் மூடும்.

இதே கதையின் சிறிய பதிப்பு சோலாரிஸில் உண்டு. 32-பிட் சோலாரிஸின் சி லைப்ரரியில், கோப்பைக் குறிக்கும் ஸ்ட்ரக்ட்டில் எஃப்டி எண்ணுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு பைட். 255-க்கு மேல் எண் கிடைத்தால், கோப்பைத் திறக்கும் எஃப்ஓபன்() தோற்கும். அந்த ஸ்ட்ரக்ட்டின் உள்ளமைப்பு மேக்ரோக்கள் வழியாக எல்லாப் புரோகிராம்களுக்குள்ளும் கம்பைல் ஆகிவிட்டதால் பைட்டை அகலப்படுத்த முடியவில்லை. சோலாரிஸ் 10-இல்தான், முன்கூட்டி ஏற்றும் ஒரு தனி லைப்ரரி மூலம் மாற்றுவழி தந்தார்கள்.

சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் வேறு பாதையில் போனது. போல்() அழைப்பில் ஒவ்வொரு எஃப்டிக்கும் 8 பைட் ஸ்ட்ரக்ட்: எண்ணுக்கு 4, கேட்பதற்கு 2, பதிலுக்கு 2. எத்தனை என்பதை அழைப்பவர் தனியாகச் சொல்வார். எண் இங்கே ஒரு மதிப்பு மட்டுமே, நினைவக இடம் அல்ல. அதனால் எஃப்டி 1100 ஆனாலும் பத்து லட்சம் ஆனாலும் அதே 8 பைட். கேள்வியும் பதிலும் தனித்தனி என்பதால் ஒவ்வொரு முறையும் தொகுதியைப் புதிதாக நிரப்ப வேண்டாம். நெருக்கமான எண்களுக்கு இது செலக்ட்()டைவிட இடம் கூடுதலாகக் கேட்கும். ஆயிரம் எஃப்டிக்கு 8000 பைட். அந்தச் செலவு நியாயமானது.

ஈபோல் பட்டியலையே கர்னலுக்குள் வைத்துக்கொண்டு அந்தச் செலவையும் நீக்கியது. ஆனால் அதற்கும் நீண்டகால விளைவு உண்டு. அதன் பட்டியலில் சாவி என்பது எஃப்டி எண்ணும் அதன் பின்னால் உள்ள திறந்த கோப்பும் சேர்ந்த ஜோடி. அதே கோப்புக்கு டூப்() எடுத்த நகல் இன்னொன்று இருக்கும்போது நீங்கள் மூலத்தை மூடினால், பதிவு அழியாது. மூடிய எஃப்டிக்கு நிகழ்வுகள் வந்துகொண்டே இருக்கும். நீக்கவும் முடியாது, அந்த எண் உங்களிடம் இப்போது இல்லையே. மூடும் முன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதுதான் ஒரே தற்காப்பு. இன்னொன்று: அதன் நிகழ்வு ஸ்ட்ரக்ட் எக்ஸ்86-64-இல் 12 பைட், இடைவெளியின்றி அடுக்கியது, 64-பிட் ஆர்மில் 16 பைட். வேறு மொழியிலிருந்து கையால் பைண்டிங் எழுதுபவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்.

லினக்ஸின் புதிய அழைப்புகள் இந்தப் பாடத்தை வடிவத்திலேயே எடுத்துக்கொண்டன. 2020-இல் லினக்ஸ் 5.6-இல் வந்த ஓபன்அட்2() அழைப்பு, ஸ்ட்ரக்ட்டின் முகவரியோடு அதன் அளவையும் கேட்கிறது. இன்று அது 24 பைட். நாளைக்கு 32 ஆனால், 24 என்று சொல்லும் பழைய புரோகிராமுக்கு மீதி 8 பைட்டும் பூஜ்ஜியம் என்று கர்னல் எடுத்துக்கொள்ளும். புதிய புரோகிராம் பழைய கர்னலில் ஓடினால், கூடுதல் பைட்டுகள் பூஜ்ஜியமாக இருக்கும்வரை ஏற்கும். இல்லாவிட்டால் 'மிகப் பெரியது' என்று பிழை தரும். யாருடைய நினைவகமும் கெடாது, யாரும் மௌனமாக ஏமாறமாட்டார்கள். செலக்ட்() அழைப்பிலும் கர்னல் பக்கம் நீளம் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த நீளத்துக்கு ஏற்ற இடம் தன்னிடம் உண்டா என்று அழைப்பவர் பக்கம் பார்க்கத்தான் ஆள் இல்லை.

உங்கள் சர்வரில் இந்தச் சிக்கல் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். புரோகிராமையும் அது ஏற்றும் ஒவ்வொரு லைப்ரரியையும் 'என்எம் -டி' (அதில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் கட்டளை) போட்டு, வரையறுக்காத பெயர்களில் 'செலக்ட்' இருக்கிறதா என்று தேடுங்கள். கூடவே 'எஃப்டெல்ட்' பெயரும் இருந்தால் அங்கே ஃபோர்ட்டிஃபை இருக்கிறது. எண் தாண்டினால் சத்தமாக விழும். இல்லாமல் 'செலக்ட்' மட்டும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பின்பு சோதனைச் சூழலில் வரம்பை 4096-ஆக உயர்த்தி, புரோகிராம் தொடங்கியதும் 'டெவ் நல்' கோப்பை 1100 முறை திறந்து வைத்துவிட்டு, வழக்கமான சோதனைகளை ஓடவிடுங்கள். இனித் திறக்கும் எதுவும் 1024-க்கு மேல்தான் விழும். ஃபோர்ட்டிஃபை உள்ள பழைய குறியீடு எங்கே இருந்தாலும் முதல் அழைப்பிலேயே வெளிவரும்.

கண்டுபிடித்த லைப்ரரியின் மூலக் குறியீடு கையில் இருந்தால் செலக்ட்()டை போல்() ஆக மாற்றுங்கள். ஒரு எஃப்டிக்குக் காத்திருக்கும் இடம் என்றால் பத்து வரிக்குள் முடியும். காலவரம்பு மட்டும் கவனம்: அங்கே நொடியும் மைக்ரோநொடியும், இங்கே மில்லிநொடி. வரம்பே இல்லாமல் காத்திருக்க அங்கே வெற்றுச் சுட்டி, இங்கே -1. மூலக் குறியீடு கையில் இல்லை என்றால் இடத்தை ஒதுக்கிக் கொடுக்க வேண்டியதுதான். உங்கள் சொந்தச் சாக்கெட்டுகளை ஏற்றவுடன் எஃப்சிஎன்டிஎல்() அழைப்பில் 'எஃப்_டூப்எஃப்டி_க்ளோஎக்செக்' கொடுத்து, குறைந்தபட்ச எண் 1024 என்று கேளுங்கள். 1024 அல்லது அதற்கு மேல் ஒரு நகல் கிடைக்கும். நகலெடுத்த மூல எஃப்டியை உடனே மூடிவிடுங்கள். கீழே உள்ள எண்கள் எப்போதும் காலியாக இருக்கும். அந்தப் பழைய லைப்ரரி தன் ஒற்றைச் சாக்கெட்டைத் திறக்கும்போது அதற்கு 9 அல்லது 10 என்று ஏதோ ஒரு சிறிய எண் கிடைக்கும்.